நீரிழிவு – பெயரும் பொருளும்

நோய்களுக்கு முன்னோர் இட்ட பெயர்கள் பலவும் நோயின் குறியைச் சுட்டுவன. அவற்றுள் 'நீரிழிவு' என்னும் பெயர் ஆராய்தற்குரியது. அதிலுள்ள 'இழிவு' என்னும் சொல்லைக் கண்டு, இஃது இழிவான நோய் எனக் கருதி நாணுவோரும், திருமணப் பேச்சின்போது நோயை மறைப்போரும் நம்மிடையே உளர். அச்சொல்லின் பொருளை அறியின் அந்நாணம் நீங்கும்.

'இழிதல்' என்பதற்கு இறங்குதல், வழிந்தோடுதல் என்னும் பொருள்கள் உண்டு. மலையினின்று அருவி இழிந்தது என்பதும், தேரினின்று மன்னன் இழிந்தான் என்பதும் இலக்கிய வழக்கு. இங்கே இகழ்ச்சிக்கு இடமில்லை. எனவே, நீரிழிவு என்பது உடலினின்று நீர் மிகுதியாக இறங்கிப் போதல் என்றே பொருள்படும்.

'டயாபடீஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடே கடந்து செல்லுதல் என்ற பொருளையே தருகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த அரிட்டேயஸ் என்னும் மருத்துவர், தணியாத தாகத்தையும் ஓயாத சிறுநீர்ப் போக்கையும் இப்பெயரால் விளக்கினார். தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே குறியைக் கண்டு பெயரிட்டமை வியப்பிற்குரியது.

வடமொழியோ சுவையை நோக்கி 'மதுமேகம்' என்றது. தேன் போன்ற சிறுநீர் என்பது அதன் கருத்து. இப்னு சீனாவும் (980–1037) சிறுநீரின் இனிப்பைக் குறித்துள்ளார். அவ்வினிப்பு சர்க்கரையே என 1776இல் மேத்யூ டாப்சன் ஆய்ந்து வெளியிட்டார். வடமொழிச் 'சர்க்கரா' பாரசீகத்தின் வழியே அரபியில் 'சுக்கர்' ஆயிற்று. இன்று அரபு மக்கள் இந்நோயைச் 'சுக்கரீ' என்பர். நாமும் சர்க்கரை நோய் என்கிறோம்.

நீரும் இனிப்பும் ஒரே நிகழ்வின் இரு கூறுகளே. குருதியில் சர்க்கரை மிகும்போது சிறுநீரகங்கள் அதனை முழுவதும் தடுத்து மீட்க இயலாது. வெளியேறும் சர்க்கரை தன்னுடன் நீரையும் ஈர்த்துச் செல்கிறது. அதனாலேயே தாகம் பெருகுகிறது.

ஆயினும் பெயர் காட்டும் குறிகள் பலரிடம் தொடக்கத்தில் தோன்றுவதில்லை. இனிப்பு உண்பவர்க்கே இந்நோய் வரும் என்பதும் பிழை. ஆகவே, குறி தோன்றும்வரை காத்திராமல் குருதியைச் சோதித்தறிதல் வேண்டும். 1922 முதல் இன்சுலின் மருந்தாகக் கையாளப்பட்டு எண்ணற்ற உயிர்களைக் காத்து வருகிறது. நீர் இழிவதே நோய். நோயுற்றோர்க்கு அதனால் இழிவில்லை. மறைத்து வைத்தலே கேடு தரும்.