வெட்டவெளியில் ஓர் எலெக்ட்ரான்

பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில் உள்ள அறிவியல் கல்லூரி வளாகம் ஒருகாலத்தில் வழக்கறிஞர் தாரகநாத் பாலித்தின் சொத்து. 1912இல் அவர் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு அள்ளிக்கொடுத்த நிலமும் பணமும்தான் அங்கே முதுகலை அறிவியல் படிப்புக்கு அடித்தளம். இயற்பியல் துறை அமைந்தது நகரின் வடக்கே, ராஜாபஜாரில். பாலித் பெயரிலான பேராசிரியர் பதவிக்கு 1917இல் வந்தவர் நம் சி.வி. ராமன். அங்கே பாடம் நடத்திய இளைஞர்கள் மேகநாத் சாஹாவும் சத்யேந்திரநாத் போஸும் முதுகலையில் படித்திருந்ததோ கணிதம். இயற்பியலை நடத்திக்கொண்டே கற்றார்கள்.

சாஹா நடத்திய பாடங்களில் வெப்ப இயக்கவியலும் நிறமாலையியலும் உண்டு. இரண்டும் 1920இல், அணுக்கள் எலெக்ட்ரானை இழப்பதைக் கணக்கிடும் ஒரே சமன்பாட்டில் சந்தித்தன. இன்று கல்லூரி மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து கடந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு அது.

கால்சியம் அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்க 6.1 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். அங்கே ஒரு துகளின் வெப்ப ஆற்றலுக்கான அளவுகோல் (kT) அரை எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. ஓர் அணுவுக்கு அவ்வளவு ஆற்றல் கிடைக்கும் வாய்ப்பைச் சொல்லும் போல்ட்ஸ்மன் காரணியைக் கணக்கிட்டால் இரண்டு லட்சத்தில் ஒன்று என்று வரும். அப்படியானால் கால்சியம் முழுதாகவே இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் சூரிய நிறமாலையில் மிக அழுத்தமாகத் தெரியும் கோடுகளில் இரண்டு, எலெக்ட்ரானை இழந்த கால்சியத்துடையவை, அதாவது கால்சியம் அயனியுடையவை!

ஆற்றலை மட்டும் எண்ணியதுதான் பிழை. அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரானுக்கு இருக்க இடம் கொஞ்சம். வெளியே வந்துவிட்டால், அந்த மெல்லிய வாயுவில், அதற்குத் திறந்திருக்கும் நிலைகள் பல கோடி மடங்கு அதிகம். இந்தக் கோடிகள் அந்த லட்சங்களை வென்றுவிடுகின்றன. வாயு எவ்வளவு மெலிகிறதோ, பிரிந்த எலெக்ட்ரான் இன்னொரு அயனியைச் சந்தித்து ஒட்டிக்கொள்வது அவ்வளவு அரிது. சூரியனின் நிறமண்டலத்தில் வெகு உயரத்தில் கால்சியம் அயனிகள் தென்படுவதன் காரணம் இந்தக் குறைந்த அழுத்தம் என்று சாஹா காட்டினார். மூலக்கூறு பிரிகைக்கு வேதியியலார் வைத்திருந்த அதே சமநிலை விதியை அவர் அணுவுக்குப் பொருத்தினார். எலெக்ட்ரானையும் ஒரு வாயுவாகக் கருதினார். அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1925இல் வானியலாளர் செசிலியா பெய்ன் இதே சமன்பாட்டைக் கொண்டு விண்மீன்களின் கோடுகளை அளந்தார். கோடுகள் மாறுபடுவது பெரும்பாலும் வெப்பநிலையால், பொருளால் அல்ல என்று தெரிந்தது; கூடவே, விண்மீன்களில் மற்ற எல்லாத் தனிமங்களையும்விட ஹைட்ரஜனே மிக மிக அதிகம் என்ற, அன்று எவரும் நம்பத் தயங்கிய விடையும் வந்தது.