சடை தரித்த யானைகள்



சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையோரத்தில் பழைய முகப்பு வளைவொன்று நிற்கிறது. அதன் பின்னே ஒரு காலத்தில் ஓயாது இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் இன்று இல்லை. லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று திரும்பிய திருச்செங்கோட்டு டி. ஆர். சுந்தரம் அவர்கள், 1930-களின் நடுவில் அதனை நிறுவினார். மலையாளத்தின் முதற் பேசும் படமாகிய 'பாலன்' 1938-இல் அந்நிறுவனத்திலிருந்தே வெளிவந்தது. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வண்ணத்தில் வந்ததையும் பலர் அறிவர். ஆனால், உலகினின்று மறைந்துபோன மாமூத் யானைக்கும் அதே நிறுவனம் உருவம் கொடுத்தது என்பதை அறிந்தவர் சிலரே.

1952-இல், அமெரிக்கருடன் கூட்டுச் சேர்ந்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு படம் எடுத்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. வில்லியம் பெர்க் இயக்கினார். ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகிய அமெரிக்க நடிகர்களோடு நம் எம். என். நம்பியாரும் நடித்தார். கதை இதுதான்: யானைக் கூட்டங்கள் மருண்டு காட்டை விட்டு ஓடிவந்து ஊர்களை அழிக்கின்றன. காரணம் காணப் புறப்பட்ட குழுவினர், காட்டின் உள்ளே சடை அடர்ந்த மாமூத் யானைகளைக் காண்கின்றனர். இக்காலத்தைப் போலக் கணிப்பொறியால் உருவம் சமைக்கும் வசதி அன்று ஏது? உண்மையான யானைகளுக்கே மயிர்ப் போர்வை போர்த்திப் படம் பிடித்தனர். விந்தைப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கும் அயல்நாட்டு அன்பர்கள், இன்றும் இதனைக் கண்டு நகைத்து மகிழ்கின்றனர்.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் இச்செய்தியை ஒருநாள் வகுப்பில் கூறினேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "ஐயா, போர்வைக்குள்ளே அந்த யானைகளுக்கு வேர்த்திருக்காதா?" என்று வினவினான். மீண்டும் சிரிப்பு எழுந்தது. எனினும், அவ்வினா சிரித்துத் தள்ளத்தக்கதன்று.

யானைக்கு நம்மைப்போல் உடலெங்கும் வேர்ப்பதில்லை. முறம் போன்ற காதுகளை வீசியும், துதிக்கையால் நீரையும் சேற்றையும் வாரி இறைத்தும் அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. மாமூத்தின் நிலையோ நேர்மாறானது. பனி நிலத்தில் வாழ்ந்த அதற்கு வெப்பத்தைக் காப்பதே பெரும்பாடு. ஆதலால் அதன் காதுகள் சிறுத்திருந்தன. உடலை நீண்ட மயிர் மூடியிருந்தது. சைபீரியாவின் உறைபனியில் தோலும் மயிரும் கெடாமல் கிடைத்த உடல்களைக் கொண்டு இதனை அறிஞர் உறுதி செய்துள்ளனர். ரேங்கல் என்னும் வடகடல் தீவில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை மாமூத்துகள் வாழ்ந்தன. சிந்துவெளியில் நகரங்கள் செழித்திருந்த நாளிலும் அவை உயிரோடு இருந்தன என்பது எண்ணி வியக்கத்தக்கது.

இன்னுமொரு வியப்பு உண்டு. மாமூத் மலைபோல் பெரியது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் சடை மாமூத்தின் உயரம் ஏறக்குறைய நம் காட்டு யானையின் உயரமே. மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, மாமூத்துக்கு மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்க யானையன்று, நம் ஆசிய யானையே என்பது தெளிவாயிற்று. 1952-இல் இந்த மரபணுச் சான்று எவர் கையிலும் இல்லை. கையில் கிடைத்த யானைக்கு வேடம் புனைந்தவர்கள், தாம் அறியாமலே அதன் நெருங்கிய உறவினருக்கே அவ்வேடத்தை அளித்திருந்தனர்!

இனி, அப்படம் எழுப்பிய வினாவுக்கு வருவோம். யானைகள் ஏன் காட்டை விட்டு வெளியே வருகின்றன? கோவைக்கு மேற்கே, மருதமலையிலும் தடாகத்திலும் மதுக்கரையிலும் மலையடிவாரத்தில் வாழ்வோர் இதே வினாவை இன்று கேட்கின்றனர். இரவெல்லாம் வாழைத் தோட்டத்தில் விழித்திருக்கும் உழவருக்கு இது சிரிப்புக்குரியதன்று. யானையால் மனிதரும், மின்வேலியாலும் புகைவண்டியாலும் யானைகளும் உயிரிழக்கும் கொடுமையைக் காண்கிறோம். தலைமுறை தலைமுறையாக யானைகள் நடந்த தடங்களில் கட்டடங்களும் வேலிகளும் எழுந்துவிட்டன. காட்டோரத்து வாழையும் கரும்பும் சோளமும் அவற்றை அழைக்கின்றன. படத்தில் யானைகளை விரட்டிய உருவத்துக்குச் சடை இருந்தது. நம் யானைகளை விரட்டும் உருவத்துக்குச் சடையில்லை. அதனைக் காண நாம் கண்ணாடியின் முன் நின்றால் போதும்.

அந்தப் படம் கலைச் சிறப்பு மிக்கது என்று நான் வாதிட வரவில்லை. சிரிக்கத்தக்க இடத்தில் சிரிப்போம். சிரித்து முடித்த பின், அம்மாணவன் கேட்டதுபோல் ஒரு வினாவும் கேட்போம். விந்தைச் செய்திகள் அறிவு வீட்டின் திண்ணை போன்றவை. திண்ணையில் அமர்ந்து சிரித்துவிட்டுத் திரும்புவோர் பலர். கதவைத் தட்டி உள்ளே செல்வோர் சிலர். அடுத்தமுறை ஏற்காட்டுச் சாலையில் செல்லும்போது, அந்த வளைவைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சடை தரித்த யானைகளின் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் சிரித்து ஓயும்வரை பொறுத்திருந்து, பிறகு எழும் வினாவுக்குச் செவி கொடுங்கள்.