கல்லில் எஞ்சிய சாட்சியம்

மனிதப் புதைகுழி அகழ்வுகள் பற்றிச் செய்தி எழுதச் சென்ற நாட்களில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஒரு பொருள் எங்கே, எந்த அடுக்கில், எதனருகே கிடந்தது என்ற பதிவு இல்லாவிட்டால் அதன் சாட்சியம் பாதியாகிவிடும். கனடாவின் ஒரு மலைச்சரிவும் இதையே சொல்கிறது.

1909 இல் அமெரிக்க ஆய்வாளர் சார்ள்ஸ் வோல்கொட், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பேர்ஜெஸ் பகுதியில் சுமார் 50 கோடி ஆண்டுகள் பழமையான கடல்விலங்குகளின் உயிர்ச்சுவடுகளைக் கண்டார். வழமையாக ஓடும் எலும்பும் போன்ற கடினமான பாகங்களே கல்லில் எஞ்சும். இங்கோ சேறு விரைவாக மூடியதால் மென்னுடல்களும் பதிந்திருந்தன. பல கோடைகாலங்கள் அங்கே தங்கி, 65,000 இற்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்து வொஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நூதனசாலையில் சேர்த்தார்.

ஆனால், அவற்றை ஏற்கெனவே தெரிந்த விலங்குப் பிரிவுகளுக்குள்ளேயே அவர் அடக்கினார். ஐந்து கண்களுடைய ஒபபினியாவை இறாலின் உறவினமாகவே கருதினார். 1970களில் ஹரி விற்றிங்டன் மீள ஆராய்ந்து, அறியப்பட்ட எந்தப் பிரிவிலும் அது அடங்காது என்ற முடிவுக்கு வந்தார்.

இன்று அவ்விடம் யோகோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அனுமதியின்றி ஒரு கல்லைக்கூட எடுக்க முடியாது. இடம் தெரியாமல் விற்பனைக்கு வரும் உயிர்ச்சுவடு பெரும்பாலும் வெறும் அலங்காரப் பொருள்தான்.

வோல்கொட் தவறாக வாசித்தார். ஆனால் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். பின்வந்தவர்களால் திருத்தி வாசிக்க முடிந்தது அதனால்தான்.