சோற்றருகே ஒரு வாள்

யப்பான் நாட்டு விற்பனைப் பொருள்களுள் விந்தையானதொன்று, சாமுராய் வீரர் வாளின் வடிவிற் செய்யப்பெற்ற உணவுக்குச்சி. பிடியில் நாடா சுற்றினாற்போன்ற பின்னலும், பிடிக்கும் அலகுக்கும் இடையே சிறு காவல்வட்டமும் உள. மேசைமீது கிடத்துங்கால் அவ்வட்டமே நுனியை மேசையிற் படாது தாங்கும்; விளையாட்டிலும் ஒரு பயன்! அத்தகைய இணையொன்றை எம் மாணவனொருவன் வகுப்பிற்குக் கொணர்ந்தபோது, "ஐயா, இதாலை குத்திச் சாப்பிடலாமோ?" என்றான் மற்றொருவன். வகுப்பே நகைத்தது.

வினா நல்வினாவே. யப்பானியர் உண்ணும் முறைமையிற் குச்சியால் உணவைக் குத்தியெடுத்தல் இழுக்கு. பிறரைச் சுட்டுதலும் இழுக்கு. சோற்றிற் செங்குத்தாக நாட்டுதல் இறந்தார்க்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து மற்றொருவர் குச்சிக்கு உணவை மாற்றுதலோ, ஈமத்தீ அவிந்தபின் எலும்பெடுக்கும் சடங்கை நினைவூட்டுமென்று விலக்குவர். ஆகவே, வடிவில் வாளாயினும் வாளின் தொழிலைச் செய்யாமையே இதற்கு விதி.

வாளை அந்நாட்டார் எளிதிற் கைவிட்டாரல்லர். 1588ஆம் ஆண்டில் இதெயோசி என்னும் தலைவன் உழவரிடமிருந்த வாள்களைப் பறித்தான். அவற்றை உருக்கிப் பெரும்புத்தர் கோயிலுக்கு ஆணி செய்வதாகவும், உழவர்க்கு உழுபடையே நலந்தருமென்றும் அவன் ஆணை கூறிற்று. புண்ணியம் பேசிய அவ்வாணையின் உட்கருத்துக் கிளர்ச்சியை அடக்குதலே. பின்னர் 1876இற் சாமுராய்களின் இடைவாளும் விலக்கப்பட்டது.

எம் வன்னியில் வாளென்றவுடன் நினைவில் எழுபவன் பண்டாரவன்னியன். அவன் தோற்ற நாளாகிய 1803 ஒக்டோபர் 31ஐக் குறித்து, வென்றோர் கற்சிலைமடுவிற் கல் நாட்டினர். மக்களோ தோற்றவன் பெயரையே போற்றுகின்றனர். ஆயினும், படைக்கலமென்பது இங்குப் பழங்கதை மட்டுமன்று. போர் முடிந்தது 2009 மே மாதத்தில்; அதன்பின்னும் வயல்களில் மிதிவெடி அகற்றுதல் நெடுநாள் நடந்தது. அன்று நகைத்த பிள்ளைகள் அவ்வாண்டின் பின் பிறந்தோர். அவர்தம் பெற்றோர் அங்ஙனம் நகைத்திருப்பரோ? ஐயமே. பிள்ளைகள் நகைத்தமை எமக்கு உவகையே தந்தது.

அன்று யாம் புறநானூற்றின் 95ஆம் பாட்டை எடுத்தோம். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியணிந்து நெய்பூசி மனையிற் பொலிய, அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடப்பதாக ஒளவையார் பாடுகின்றார். புகழ்வதுபோற் பழித்தலென எழுதி மாணவர் புள்ளி பெற்றுவிடுவர். அதியமானை அப்பாட்டு எவ்வாறு அறிமுகஞ் செய்கின்றதென யாம் கேட்டோம். விடையில்லை. உணவு உள்ளபோது கொடுப்பவன், இல்லாதபோது உள்ளதைப் பகிர்ந்து உடனிருந்து உண்பவன் என்பதன்றோ அங்குள்ளது! வேலும் சோறும் ஒரே பாட்டில் அடுத்தடுத்திருக்க, எம் பிள்ளைகள் வேலை மட்டும் மனனஞ் செய்திருந்தனர்.