கத்திரி பிடித்த கை!

என் தங்கையைக் கம்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைதான் அவர்களுக்குப் பிழைப்பு. போன மார்கழியில், கவாத்து நேரம் பார்த்து, தங்கை கணவருக்குக் கால் முறிந்து விட்டது. கவாத்து தள்ளிப் போனால் சித்திரை அறுவடையும் தள்ளிப் போகும், கடன்காரர் பொறுப்பாரா? கூலிக்கு ஆள் கூப்பிட்டால், 'தை பிறக்கட்டும்' என்றனர்.

துணைக்குப் போயிருந்த நான், 'நீயே வெட்டேன்டி' என்றேன்.

'பொம்பளைங்க குச்சி பொறுக்கத்தான்க்கா போவோம். கத்திரி ஆம்பளைங்க வேலை' என்று தயங்கினாள்.

தோட்டத்தில் நார்க்கட்டில் போட்டு, படுத்தபடியே அவர் சொல்லிக் கொடுத்தார். திரண்ட குச்சியில் நாலு கண் விட்டு வெட்டணும். நோஞ்சான் குச்சிக்கு ஒன்றிரண்டு கண் போதுமாம். ஒன்றரை ஏக்கர் பந்தலையும் அண்ணாந்தபடியே இருவரும் வெட்டி முடித்தோம். கழுத்துவலி ஒரு பக்கம். பக்கத்துத் தோட்டக்காரரின் கேலிச் சிரிப்பு ஒரு பக்கம்.

சித்திரையில் குலை குலையாய்த் தொங்கியது. சிரித்தவரே வந்து, 'எங்க தோட்டத்துக்கும் வர்றியாம்மா?' என்றாராம். 'ஆம்பளைக் கூலி தந்தா வர்றேண்ணே' என்றாளாம் தங்கை!

சகோதரிகளே... 'அது அவர் வேலை' என்று ஒதுங்காமல், அவர் நன்றாக இருக்கும்போதே குடும்பத் தொழிலைக் கற்றுக் கொள்ளுங்கள்!

— ஒரு வாசகி, கீழச்சிவல்பட்டி.