இரண்டு மொழிக்கு நடுவே ஒளிந்திருக்கும் குறை

எழுத்தில் தடுமாறும் ஊழியருக்கு இன்று சட்டத்தின் துணை உண்டு. ஆனால் கேரள எல்லையில் டிஸ்லெக்சியாவை யாரும் டிஸ்லெக்சியா என்று அடையாளம் காண்பதில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் நெய்யாற்றின்கரை. அடுத்து பாறசாலை. அதையும் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கியது. வரைபடத்தில் விழுந்த கோடு பேச்சில் விழவில்லை. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பஸ்ஸில் இரண்டும் கலந்து என்றுதான் இங்கே பல குடும்பங்களின் பொழுது போகிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஓர் ஊழியர் எழுதப் படிக்கத் தடுமாறினால் காரணம் கையோடு கிடைத்துவிடுகிறது. "தமிழில் படித்தவன், மலையாளம் எப்படி வரும்?" எல்லைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் இதே வசனம் தலைகீழாக வரும். இரண்டு மொழியிலும் அவர் ஒரே மாதிரி தடுமாறுகிறாரே என்று யாரும் யோசிப்பதில்லை.

டிஸ்லெக்சியா அறிவுக் குறைவு இல்லை. ஒலியையும் எழுத்தையும் மூளை இணைப்பதில் உள்ள சிக்கல். பிறவியிலேயே வருவது, எந்த மொழிக்காரரையும் விடாதது. மலையாளத்தில் க வரிசைக்கு நான்கு எழுத்துகள். தமிழில் ஒன்றே நான்கு ஒலிகளையும் சுமக்கிறது. மலையாளக் கூட்டெழுத்துகளை 1971இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தம் குறைத்தாலும், பழைய வடிவங்கள் இன்னும் கண்ணில் படுகின்றன. இதோடு ஆங்கிலப் பதிவேடும் சேர்ந்தால் பாரம் மூன்று மடங்கு. ஒழுங்காகப் பள்ளிக்குப் போயும் தாய்மொழியிலேயே வாசிப்பு திணறுகிறது என்றால், சிக்கல் மொழியில் இல்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

கிடங்கு ஒன்றில் சரக்குக் கணக்கு எழுதுகிறவரை எடுத்துக்கொள்வோம். 69 என்பது 96 ஆகிறது. முதலில் கேலி, பிறகு மெமோ. எழுத்து மூலம் விளக்கம் தரச் சொல்கிறார்கள். பிழை மலிந்த அந்த விளக்கமே 'அலட்சியம்' என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. எது வராதோ அதைக் கொண்டே ஒருவரை விசாரிப்பது என்ன நியாயம்?

லண்டனில் கிளாப்பம் பகுதியில் ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடையின் பெண் மேற்பார்வையாளருக்கும் இதுதான் நேர்ந்தது. குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் ஆகியவற்றின் வெப்பநிலையைத் தவறாகக் குறித்ததற்காக, ஆவணத்தைத் திரித்தார் என்று குற்றம் சாட்டப்பட்டார். தனக்கு டிஸ்லெக்சியா என்பதை நிறுவனத்திடம் அவர் முன்பே சொல்லியிருந்தார். வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. 2016இல் அது உலகச் செய்தி ஆனது.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. அதில் டிஸ்லெக்சியா இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. 2017 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. அரசு நிறுவனம் பணியில் பாகுபாடு காட்டக்கூடாது, நியாயமான வசதி செய்து தர வேண்டும், குறைபாட்டைக் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக்கூடாது என்கிறது 20ஆம் பிரிவு. தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட்டாக வேண்டும்.

நீதிமன்றமும் வழி காட்டியிருக்கிறது. கை எழுத ஒத்துழைக்காத சிவில் சர்வீஸ் தேர்வர் ஒருவரின் வழக்கில், 40 சதவீதக் குறைபாடு இல்லை என்று சொல்லி எழுத்தருக்கு மறுக்க முடியாது என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே டிசம்பரில், மனநலக் குறைபாடு உள்ள மத்திய ரிசர்வ் போலீஸ் அதிகாரிமீது எடுத்த ஒழுங்கு நடவடிக்கையே பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. மெமோ வாங்கியவர்கள் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு இது.

முட்டுக்கட்டை சான்றிதழில்தான். 2018ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் குழந்தைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை: எட்டு வயதில் தொடங்கி, 14இலும் 18இலும் மறுபரிசோதனை, 18இல் பெறும் சான்று ஆயுளுக்கும் செல்லும் என்று அவை கூறின. நாற்பது வயதுக்காரர் பள்ளியில் படித்த நாளில் இந்த ஏற்பாடே கிடையாது. அன்று அவருக்குக் கிடைத்தது 'மக்கு' என்ற பட்டம்தான். அதனால்தான் இன்றும் வாய் திறக்கத் தயங்குகிறார்.

கேட்க வேண்டிய வசதிகளோ மிகச் சிறியவை: வாய்மொழியாக உத்தரவு, அச்சடித்த படிவம், வண்ண அடையாளம், எண்களைச் சரிபார்க்க இன்னொரு ஜோடிக் கண். மெமோ வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே கேட்டு, கேட்டதற்கு ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது. அரசு அலுவலகம் என்றால் குறைதீர் அதிகாரி இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்டக் குழுவை அணுகலாம். மாநில ஆணையரிடமும் முறையிடலாம்.

எந்த மொழியில்? அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் அதிகாரிகளிடம் முறையிடும் உரிமையைத் தருகிறது. பாறசாலைக்காரர் தமிழிலேயே மனுச் செய்யலாம். தன் கையால்தான் எழுத வேண்டும் என்பதில்லை. அவர் சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும்.