ஓடை நண்டின் உட்காவல்

நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலை மலைகளில் ஓடைக்கரைக் கற்களைப் புரட்டினால், சிறு நண்டொன்று பக்கவாட்டில் விரைந்தோடி மறைவதை நேயர்கள் பலர் கண்டிருப்பர். இலங்கையில் 50க்கும் மேற்பட்ட நன்னீர் நண்டினங்கள் உள்ளன. ஏறக்குறைய அவை யாவும் இத்தீவுக்கே உரியவை. அவற்றுள் மலைநாட்டில் வாழ்வது பெர்பிரிங்கியா என்னும் பேரினம். 1962ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த லுண்ட் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவைச் சேர்ந்த சுவீடன் நாட்டறிஞர் பெர் பிரிங்க் என்பாரின் பெயர் அதற்கு இடப்பட்டது.

கடல் நண்டின் இளம் பருவங்கள் நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் பரவும். மலை நண்டுக்கு அப்பேறு இல்லை. தாயின் வயிற்றடியில் முட்டைகள் பொரித்து, குட்டி நண்டுகளாகவே வெளிவருகின்றன. பிறந்த ஓடையே வாழும் ஓடை. மலையில் தெளித்த மருந்து மழைநீரோடு கான்வழியே இறங்கிவந்தால் அது எங்கே போகும்? தன் உடலுக்குள்ளேதான் காப்பைத் தேடவேண்டும்.

அக்காப்பு பெரும்பாலும் ஈரற்கணையத்தில் உள்ளது. சமைத்த நண்டின் ஓட்டைத் திறந்ததும் தோன்றும் மஞ்சள் நிறக் குழம்பு போன்ற உறுப்பு அதுவே. அங்குள்ள நொதியங்களுள் ஒருவகை, புகுந்த நஞ்சின்மீது ஒட்சிசனை ஏற்றி அதன் அமைப்பை மாற்றுகிறது. விந்தை என்னவெனில், சில பீடைநாசினிகள் இந்நிலையில் முன்னிலும் கொடியவையாகிவிடுகின்றன! அடுத்து வருவது குளுதாதயோன் எஸ் டிரான்ஸ்பெரேசு. இது எலியின் ஈரலில் 1961இல் இனங்காணப்பட்டது. பின்னர் நண்டு, இறால் முதலியவற்றிலும் கண்டறியப்பட்டது. கள்ளனுக்கு விலங்கு பூட்டி ஊரெல்லைக்கு அப்பால் அனுப்புவதுபோல, இது நஞ்சோடு குளுதாதயோனைப் பிணைத்து, நீரில் கரைந்து வெளியேறச் செய்கிறது.

பராகுவாட் என்னும் களைநாசினியின் வழி வேறு. உயிரணுவினுள் அது ஒட்சிசனைக் கொடிய வடிவங்களாக மாற்றிக்கொண்டே இருக்கும். இலங்கையில் 2008 முதல் 2011 வரை அது படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. இத்தகைய ஒட்சிசன் வடிவங்களைத் தணிப்பதற்கும் நண்டிடம் தனி நொதியங்கள் உண்டு.

நோய்க்கும் இதற்கும் தொடர்பு யாது? கிருமி புகுந்தால், நண்டின் குருதியணுக்கள் அதே கொடிய ஒட்சிசனை ஆயுதமாக ஏவுகின்றன. பாம்பை விரட்ட மூட்டிய தீ கூரையைப் பற்றாமல் காப்பவை மேற்கூறிய நொதியங்களே. நன்னீர்ப் பெரிய இறாலில் கிருமிகளைச் செலுத்தியபோது இந்நொதியங்களுக்குரிய மரபணுக்களின் செயற்பாடு உயர்ந்ததை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

ஆயினும் குளுதாதயோன் வற்றாத சுரங்கமன்று. நஞ்சை அகற்றுவதிலேயே அது செலவாகிவிட்டால், கிருமி வரும் நாளில் கையிருப்பு குறைந்திருக்கும். மருந்து நண்டைக் கொல்லாமல் விட்டாலும் நோய் கொல்லலாம். ஆதலின் செத்து மிதக்கும் நண்டுகளை எண்ணுவதைவிட, உயிரோடுள்ள நண்டின் நொதிய அளவை ஆராய்வதே நீரின் நிலையை முற்கூட்டி உணர்த்தும். மலையடியில் உள்ள லயங்கள் பலவற்றுக்குக் குடிநீரும் இத்தகைய ஓடைகளிலிருந்தே குழாய்வழி இறங்குகிறது.